ஆர்க்கைவ் லாக்கைக் கையால் அழிக்காதீர்கள்

ஆரக்கிள் டேட்டாபேஸில் ஆர்க்கைவ் லாக் (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களைச் சேமித்து வைக்கும் ஃபைல்கள்) சேரும் இடம் நிரம்பிவிட்டால் ஓரா-00257 பிழை வரும், அட்மின் தவிர யாரும் உள்ளே நுழைய முடியாது, வேலை அப்படியே நிற்கும். அந்தப் பதற்றத்தில் பலரும் சர்வருக்குள் நேராகப் போய் பழைய ஃபைல்களை அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஃபைல் போனது டேட்டாபேஸுக்குத் தெரியாது, அதனால் ஃபாஸ்ட் ரிகவரி ஏரியா, அதாவது லாக் சேரும் அந்த இடம், இன்னும் நிரம்பியே இருப்பதாகத்தான் கணக்கு காட்டும்; அதைவிட மோசம், பேக்கப் ஆகாத ஒரே ஒரு லாக் நடுவில் போனாலும் ரிகவரி, அதாவது பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்பது, அந்த லாக்கோடு நின்றுவிடும், அதற்குப் பிறகான லாக் எத்தனை பத்திரமாக இருந்தாலும் பயனில்லை.

ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேன் (RMAN) வழியாகவே அழியுங்கள். முதலில் லாக்குகளை வேறு டிஸ்கில் பேக்கப் எடுங்கள், அப்புறம் ஒரு முறையாவது பேக்கப் ஆனவற்றை மட்டும் அழிக்கும்படி டெலீட் கட்டளையில் நிபந்தனை போடுங்கள். அவசரமா? டிஸ்கில் இடம் இருந்தால் ரிகவரி ஏரியாவின் அளவைக் கூட்டிவிடலாம், ரீஸ்டார்ட் தேவையில்லை.

ஸ்டாண்ட்பை (மெயின் டேட்டாபேஸுக்கு மாற்றாகத் தயாராக இருக்கும் நகல்) வைத்திருப்பவர்கள், லாக் அங்கே அப்ளை ஆன பிறகே அழியும்படி டெலீஷன் பாலிசியை மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கையால் அழித்தாயிற்று என்றால் பதிவில் உள்ள ஃபைல்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று பார்க்கும் கிராஸ்செக் கட்டளையை ஆர்மேனில் ஓட்டி, எக்ஸ்பயர்டு என்று வரும் பதிவுகளை நீக்கி, அன்றைக்கே ஒரு முழு பேக்கப் எடுத்துவிடுங்கள்.