கலிபோர்னியாவில் பிள்ளை காலேஜுக்குப் போகும் வருடம்

பெரியவன் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறான் என்று மதுரைக்குப் போன் போட்டுச் சொன்னேன். பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "எந்த கம்யூனிட்டிக்காரங்க நடத்துறதுப்பா?" சாதிச் சான்றிதழைக் கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றே சொல்லிப் பழகிய ஊர், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கே வந்து பத்து வருடம் ஆன நம்மவர்களும் பெரிதாக விவரம் சொல்வதில்லை. "சீட் கிடைக்காத பசங்க போற இடம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் பாலிடெக்னிக் முடித்தவர் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்கிறார் இல்லையா, அரசு நடத்தும் இந்த இரண்டு வருடக் காலேஜும் ஏறக்குறைய அதுபோலத்தான். இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்து 60 செமஸ்டர் யூனிட் (பாடங்களுக்கான கிரெடிட் கணக்கு) சேர்த்தால், யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்தில் மூன்றாம் ஆண்டில் நுழைய விண்ணப்பிக்கலாம். முடிக்கும்போது கையில் வருவது அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். 1960-இல் மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே இந்த வழி இருக்கிறது, கொல்லைப்புற வாசல் ஒன்றும் இல்லை. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான வாஸ்னியாக்கும் குப்பர்டினோவில் உள்ள டி ஆன்சா காலேஜில் படித்தவர்தான். (பெரியம்மாவிடம் இதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு மனசு ஆறியது.)

பணக் கணக்கு எளிது. மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர், வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380. யூசி வளாகத்தில் தங்கிப் படித்தால் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 40 ஆயிரம் டாலரைத் தாண்டும். அதில் டியூஷனைவிட ரூமும் சாப்பாடும்தான் பெரிய தொகை.

புதிதாக வந்தவர்கள் இதற்கு முன்பே பார்க்கவேண்டியது விசா. மாநிலவாசி என்று கணக்கில் வர ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைகளுக்கு அந்தத் தகுதி கிடைக்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. 21 வயது நிறைந்தால் பிள்ளையின் எச்-4 முடிந்துவிடும், பலர் அப்போது எஃப்-1-க்குத்தான் மாறுகிறார்கள். யூசியில் வெளிமாநிலத்தார் கட்டணம் என்றால் வருடத்துக்கு 30 ஆயிரத்துக்கும் மேல் கூடுதல். அதனால் 21-ஆவது பிறந்தநாள் எந்த வருடப் படிப்பின் நடுவில் வருகிறது என்று காலண்டரில் குறித்துவிட்டு அப்புறம் மற்றதைப் பேசுங்கள். இன்னொன்று, எச்-4-இல் இருக்கும் பிள்ளைக்கு ஃபாஃப்சா விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசின் உதவித்தொகை கிடையாது, கேம்பஸில் பகுதிநேர வேலையும் பார்க்க முடியாது. "வேலை பார்த்துச் சமாளிச்சுக்குவான்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, கம்யூனிட்டி காலேஜ் என்று முடிவானால் முதல் வாரத்திலேயே செய்யவேண்டியது அசிஸ்ட் இணையதளத்தைத் திறப்பது. எந்தக் காலேஜின் எந்தப் பாடம் எந்த யூசி அல்லது சிஎஸ்யூ (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) வளாகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்பது அங்கே பக்கம் பக்கமாக இருக்கிறது. நாங்கள் திறக்கவில்லை. ஆலோசகர் ஒருவர் "இது ட்ரான்ஸ்ஃபர் ஆகும்" என்றார், மகன் பிசினஸ் கால்குலஸ் எடுத்தான். ட்ரான்ஸ்ஃபர் ஆனதென்னவோ உண்மை, யூனிட்டாக மட்டும். அவன் போக நினைத்த கணினி அறிவியலுக்கு வேண்டியது பொறியியல் மாணவர்கள் எடுக்கும் கால்குலஸ். யூனிட் கணக்கில் சேர்வது வேறு, மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, எண்ணப்படுவது வேறு என்று புரிவதற்குள் ஒரு செமஸ்டர் போயிற்று. அடுத்த செமஸ்டரில் அந்த வகுப்பு நிரம்பிவிட்டது. முதல் நாள் காலை எட்டு மணிக்கு, வெயிட்லிஸ்டில் ஏழாவது ஆளாகச் சுவரோரம் நின்று, யாராவது வராமல் போகமாட்டார்களா என்று பார்த்துப் பேராசிரியரிடம் ஆட் கோட் (வகுப்பில் சேர்வதற்கான அனுமதி எண்) வாங்கினான்.

டேக் என்ற உறுதிச் சேர்க்கையும் உண்டு. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் ஒன்றுக்கு மட்டும் செப்டம்பர் மாதத்தில் விண்ணப்பம் போடவேண்டும். குறித்த மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால் இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இதில் இல்லை. பொறியியல், கணினிப் படிப்புகளைச் சில வளாகங்கள் டேக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, சின்னவளை நான் வெளியே தங்கிப் படிக்கத்தான் அனுப்பினேன். காரணம் பெரியவன் பட்ட பாடு. வீட்டிலிருந்து போகிற பிள்ளையை நாம் காலேஜ் மாணவனாக நினைப்பதே இல்லை. "நீ வீட்லதானே இருக்க" என்று மிட்டெர்முக்கு முந்தின இரவு அவனை ஏர்போர்ட்டுக்கு அனுப்பியவன் நான். மூன்றாம் ஆண்டில் அவன் பல்கலைக்கழகத்துக்குள் போனபோது மற்றவர்களுக்கு இரண்டு வருடப் பழக்கம் இருந்தது. யார் யாரோடு வீடு எடுப்பது, யார் எந்த லேபில் என்பதெல்லாம் முடிந்திருந்தது. போன உடனேயே அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் நேர்காணல்கள். மிச்சப்படுத்திய பணத்துக்கு அவன் கொடுத்த விலை அது. சின்னவள் முதல் மாதம் அழுதாள், இரண்டாம் மாதத்திலிருந்து நான் போன் செய்தால் எடுக்கவில்லை.

ஆனால் காலையில் தானாக எழாத பிள்ளை, எந்த மேஜர் என்று இன்னும் தடுமாறும் பிள்ளை என்றால், 40 ஆயிரம் கொடுத்துத் தடுமாறுவதைவிட 1,380-இல் தடுமாறட்டும் என்றே சொல்வேன்.

எந்தப் பக்கம் போனாலும் ஒன்று. காலேஜில் கால் வைத்த நாளிலிருந்து மதிப்பெண் விவரம் பிள்ளையுடையது. மாணவர் விவரங்களைப் பாதுகாக்கும் ஃபெர்பா சட்டப்படி, பிள்ளை எழுதிக் கொடுக்காமல் நமக்குக் காட்டவேண்டிய கட்டாயம் காலேஜுக்கு இல்லை. ஆலோசகரைப் பார்க்க அசிஸ்ட் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு பிள்ளையே உள்ளே போகட்டும். நாம் பார்க்கிங்கில் காரிலேயே இருந்துவிடலாம்.