சைடுபாரில் கடிகாரத்தைக் கழற்றுங்கள், கரும்பலகை மாட்டுங்கள்

பிளாக்கர் காலத்தில் தமிழ் வலைப்பதிவு வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பக்கத்தைத் திறந்தால் ஒரு ஓரம் கடிகாரம், இன்னொரு ஓரம் வந்தவர் எண்ணிக்கையும் நாட்டுக் கொடிகளும், கீழே தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டியின் ஓட்டுப்பட்டை, போதாக்குறைக்குத் தானாகப் பாடும் பாட்டு. பதிவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நானும் செய்தவன்தான். கைபேசியிலேயே மணி தெரியும்போது உங்கள் தளத்துக்கு வந்து யாரும் மணி பார்க்கப் போவதில்லை, அந்த ஓரப் பட்டையில், அதாவது சைடுபாரில், உருப்படியாக வேறென்ன வைக்கலாம் என்று பார்ப்போம்.

ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் தளம் செய்து கொடுத்தேன். கடைக்காரருக்கு நாள் முழுக்க ஒரே போன்: "அண்ணே, இன்னைக்கு நல்லெண்ணெய் ஆட்டுறீங்களா?" கடை வாசலில் சாக்பீஸில் எழுதிய பலகை இருக்கிறது, ஆனால் அது தெருவில் போகிறவர்களுக்கு மட்டும்தானே. அந்தப் பலகையைத்தான் விட்ஜெட்டாக்கினேன், அதாவது தளத்தின் எல்லாப் பக்கத்திலும் தெரியும் சின்னப் பெட்டியாக.

2021-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.8 பதிப்பு முதல் விட்ஜெட் பகுதியில் எந்த பிளாக்கையும் (பத்தி, படம் போன்ற உள்ளடக்கத் துண்டு) போடலாம். ஒரு பத்தி பிளாக் போட்டு தினமும் திருத்தலாமே என்று தோன்றும், ஆனால் விட்ஜெட்டைத் தொட நிர்வாகி கணக்கு வேண்டும், கல்லாவில் உட்காரும் பையனிடம் அதைக் கொடுப்பது பீரோ சாவியைக் கொடுப்பது மாதிரி. அதனால் சுற்றுவழி. "பலகை" என்று ஒரு வகையை (category) நீங்களே உருவாக்குங்கள். பையனுக்கு எழுத்தாளர் அளவிலான கணக்கு போதும். பிறகு விட்ஜெட் பகுதியில் சமீபத்திய பதிவுகள் பிளாக்கைப் போட்டு, வகை "பலகை", எண்ணிக்கை 1, உள்ளடக்கம் முழுப் பதிவு, தேதி காட்டு என்று அமையுங்கள். தேதியை விட்டுவிடாதீர்கள், தேதி இல்லாத பலகையை யாரும் நம்பமாட்டார்கள். இனி அவன் கைபேசியிலிருந்தே "இன்று நல்லெண்ணெய், நாளை கடலை" என்று அந்த வகையில் ஒரு வரிப் பதிவு போட்டால் தளம் முழுக்கப் பலகை மாறிவிடும்.

மாறும் என்றேன், ஆனால் கேஷ் பிளகின் (பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டும் செருகுநிரல்) இருந்தால் உஷார். தீபாவளி முடிந்து கடை திறந்த பிறகும் உள்பக்கங்களில் "கடை விடுமுறை" என்றே நின்றது, முகப்பில் மட்டும் சரியாக இருந்ததால் எனக்குத் தெரியவேயில்லை, ஆள் வராமல் போனதுதான் மிச்சம். புதுப் பதிவு வந்தால் முகப்பை மட்டும் புதுப்பிக்கிற கேஷ்கள் உண்டு. முழுத் தளத்தையும் புதுப்பிக்கச் சொல்லும் அமைப்பு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

அப்புறம், இடம். பெரும்பாலான தீம்களில் (தளத்தின் தோற்ற வார்ப்புகளில்) கைபேசித் திரையில் சைடுபார் பக்கத்தின் அடிக்குப் போய்விடும். பலகையைத் தலைப்பகுதியை ஒட்டிய விட்ஜெட் பகுதியில் வையுங்கள், தீமில் அப்படி ஒன்று இருந்தால். நிர்வாகப் பக்கத்தின் தோற்றம் பட்டியலில் விட்ஜெட்டுகள் என்ற வரியே இல்லையா? அநேகமாக உங்களுடையது முழுக்க பிளாக்குகளால் ஆன பிளாக் தீம், 2022-இல் வந்த ட்வென்டி ட்வென்டி-டூ மாதிரி. தள எடிட்டரைத் திறந்து இதே பிளாக்கைத் தலைப்பகுதியிலேயே போட்டுவிடலாம்.

தேடல் பெட்டியையும் சும்மா விடாதீர்கள். உள்ளே மங்கலாகத் தெரியும் எழுத்தை மாற்றலாம், "தேடு" என்பதற்குப் பதில் "என்ன எண்ணெய் வேண்டும்?" என்று கேளுங்கள். ஆனால் நம்மவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், வேர்ட்பிரஸ் தேடலுக்கு அது புரியாது. பொருளின் குறிப்பில் அந்த எழுத்துக்கூட்டலையும் ஒரு வரி சேர்த்துவிட்டால் அகப்படும்.

வாட்ஸ்அப் பொத்தான் எல்லோரும் வைக்கிறார்கள், வெறுமனே வைக்கிறார்கள். தட்டினால் நேராக உரையாடல் திறக்கும் கிளிக் டு சாட் இணைப்பில் செய்தியையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம்: "1 லிட்டர் நல்லெண்ணெய் வேண்டும், ஊர்:". தட்டுகிறவர் ஊரை மட்டும் நிரப்பி அனுப்புவார். எண்ணுக்கு முன் நாட்டுக் குறியீடான 91 சேருங்கள், முன்னால் கூட்டல் குறியும் பூஜ்யமும் கூடாது.

வரைபடத்தை ஃபுட்டரில் (பக்கத்தின் அடிப்பகுதியில்) பதிப்பதை நான் நிறுத்திவிட்டேன். எல்லாப் பக்கத்திலும் அது ஏறி இறங்கி தளத்தை இழுக்கும். அதற்குப் பதில் மெயின் ரோட்டிலிருந்து கடைக்குத் திரும்பும் முக்கை ஒரு படம் எடுத்து, "இந்த வேப்ப மரத்தில் இடதுபக்கம்" என்று அடியில் எழுதி, படத்தைத் தட்டினால் மேப் திறக்கும்படி இணைப்பு கொடுத்தேன். இப்போது போனில் "மரத்துகிட்ட வந்துட்டேன்" என்கிறார்கள்.