~ குறியை நம்பிக் கெடும் இடங்கள்

வேலைக்குப் புதிதாக வருபவர்களின் ஸ்கிரிப்டுகளைப் படித்துப் பார்ப்பது என் பொறுப்புகளில் ஒன்று. அந்த வயதில் நாங்கள் செய்த தவறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, சாய்கோடு மாறிப்போவது போன்றவற்றைக் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். ஹோம் டைரக்டரியை, அதாவது பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைக் குறிக்கும் ~ அப்படியல்ல. பல நேரம் சத்தமே இல்லாமல் தப்பாகப் போகும்.

நிரலுக்குள் ~ எழுதி அப்படியே விடுவது

டெர்மினலில் ~ என்று அடித்தால் அதைப் புரிந்துகொள்வது, நாம் அடிக்கும் கட்டளைகளைப் படித்து இயக்கும் பேஷ் போன்ற ஷெல்தான். கட்டளையை இயக்குவதற்கு முன்பே ~ஐ எடுத்துவிட்டு முழுப் பாதையை அங்கே வைத்துவிடும்; இதைத்தான் விரிப்பது என்கிறோம். இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலுக்கு அது வெறும் ஓர் எழுத்து. அதனால் பைத்தானில் '~/தரவு/பட்டியல்' என்ற கோப்பைத் திறக்கச் சொன்னால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழை வரும். இது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும்.

புதிதாக உருவாக்கும்போதுதான் ஆபத்து. '~/பேக்கப்' என்ற ஃபோல்டரை, இடையில் இல்லாதவற்றையும் சேர்த்து உருவாக்கச் சொன்னால், நீங்கள் நிற்கும் இடத்திலேயே ~ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் முளைக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது.

எங்கள் குழுவில் ஒரு தம்பிக்கு இதுதான் நடந்தது. புராஜெக்ட் ஃபோல்டரைப் பட்டியலிட்டபோது ~ என்று ஒன்று கண்ணில் பட, ஏதோ குப்பை என்று நினைத்து எதையும் கேட்காமல் உள்ளிருப்பதோடு சேர்த்து அழிக்கும் 'ஆர்எம் -ஆர்எஃப் ~' கட்டளையை அடித்துவிட்டார். இந்த முறை ஷெல் தன் வேலையைச் சரியாகச் செய்தது; அழியத் தொடங்கியது அவருடைய ஹோம் டைரக்டரி. சின்ன ஃபோல்டருக்கு இவ்வளவு நேரமா என்று சந்தேகப்பட்டு கண்ட்ரோல்-சி அழுத்துவதற்குள் வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிகளும், கிட் வழியாக இன்னும் சர்வருக்கு அனுப்பாத (புஷ் செய்யாத) வேலையும் போய்விட்டன. பேக்கப்பும் போச்சு. அது ஹோமுக்குள் இருந்த புராஜெக்டில், அந்த ~ ஃபோல்டருக்குள்தானே கிடந்தது!

நிரல் எடுத்துக்காட்டுகளில் ~ஐப் போட்டுவிட்டு, அதை விரிக்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லாமல் போகும் பாடங்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பைத்தானில் எக்ஸ்பாண்ட்யூசர், நோடில் ஹோம்டிர், கோ மொழியில் யூசர்ஹோம்டிர் என்று இதற்கென்றே வசதிகள் இருக்கின்றன. ~ ஃபோல்டர் ஏற்கெனவே முளைத்திருந்தால் உடனே அழிக்காதீர்கள். முன்னால் ./ சேர்த்து './~' என்று குறிப்பிட்டு வேறு பெயருக்கு மாற்றுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் அழிக்கலாம்.

மேற்கோள் குறிக்குள் ~

ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருக்கிறதென்று "~/என் படங்கள்" என முழுவதையும் மேற்கோளுக்குள் போட்டால் ஷெல் ~ஐத் தொடாது. ~/ மட்டும் வெளியே நிற்கட்டும்: ~/"என் படங்கள்".

--பிரிஃபிக்ஸ்=~/கருவிகள்

நிரலுக்குக் கொடுக்கும் இதுபோன்ற தெரிவில், = குறியை ஒட்டி நிற்கும் ~ஐ பேஷ் விரிக்காது. முழுப் பாதையை எழுதுங்கள்.

விண்டோஸிலும் ஓடும் என்று நினைப்பது

பழைய கமாண்ட் பிராம்ப்டுக்கு ~ தெரியவே தெரியாது, அங்கே %யூசர்புரொஃபைல்%தான். பவர்ஷெல் தன் சொந்தக் கட்டளைகளில் புரிந்துகொள்ளும். ஆனால் வெளி நிரல்களுக்கு அதன் பழைய பதிப்புகள் ~ஐ அப்படியே தள்ளிவிடும். பைத்தானிலும் ஒரு சிக்கல் உண்டு. 3.7 வரை விண்டோஸில் 'ஹோம்' என்ற சூழல் மாறியை (நிரல்கள் படிக்க இயங்குதளம் வைத்திருக்கும் மதிப்பை) முதலில் பார்த்தது, 3.8 முதல் அதைப் பார்ப்பதில்லை. அந்த மாறியை வேறு இடத்துக்குக் காட்டி வைத்திருந்தவர்களுக்கு, பதிப்பை மாற்றியதும் அமைப்புக் கோப்புகள் காணாமல்போனது போலத் தோன்றும்.

'/ஹோம்/பெயர்' என்று கையால் எழுதுவது

மேக்கில் அது /யூசர்ஸ். எழுதாதீர்கள்.

சிஸ்டம்டி சேவைகளில் ~

லினக்ஸில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நடத்துவது சிஸ்டம்டி. அங்கே ஷெல் கிடையாது, எனவே ~/ என்று தொடங்கும் பாதை விரியாது. அதற்குப் பதில் சிறிய எழுத்து ஹெச் சேர்த்த % குறியைப் போடலாம். பெரிய எழுத்தில் போட்டால் கணினியின் பெயர் வந்து நிற்கும். சிஸ்டம் அளவிலான சேவையில் அந்தச் சிறிய எழுத்துக் குறி தருவது ரூட் என்ற நிர்வாகப் பயனரின் ஹோம். சேவை வேறு பயனரின் பெயரில் ஓடினாலும் அப்படித்தான். அந்த மாதிரி இடத்தில் பாதையை முழுதாக எழுதிவிடுங்கள்.