மைட்டோகாண்ட்ரியாவுக்கு மாத்திரை தேடும் முன்

நான் பிசியோதெரபிஸ்ட். நாற்பதைத் தாண்டியவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். "எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கு, மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு, "ஒரு நாளில் எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள்?" என்று கேட்பேன்.

காரணம் இருக்கிறது. சாப்பிட்ட உணவையும் சுவாசித்த ஆக்சிஜனையும் கொண்டு, நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செய்கிறது. தசை எவ்வளவு ஏடிபி கேட்கிறதோ, அதற்கு ஏற்ப மைட்டோகாண்ட்ரியா பெருகும், கேட்காவிட்டால் குறையும். அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹாலோசி 1967-இல் எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார். பயிற்சி பெற்ற எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. பின்னால் மனிதர்களிடமும் பயிற்சியால் அது கூடுவது உறுதியானது. வயதானவர்களுக்கும் இது பொருந்தும்.

சரி, எந்த வேகத்தில் நடப்பது? கருவி எதுவும் வேண்டாம், பேசிப் பாருங்கள். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்லிவிட முடிய வேண்டும். ஆனால் அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொள்ளத் தோன்ற வேண்டும். பாட்டே பாட முடிகிறதென்றால் வேகம் போதாது. மூன்று நான்கு சொல்லிலேயே பேச்சு அறுந்தால் வேகம் அதிகம், குறையுங்கள். போனில் பேசினால், நீங்கள் நடக்கிறீர்கள் என்று எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இந்த வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. புதிதாகத் தொடங்குபவர்கள் பத்துப் பத்து நிமிடமாகச் சேர்க்கலாம்.

இரண்டு மாதம் இப்படிப் பழகிய பிறகு, வாரத்தில் ஒரு நாள் கடினமாக ஒன்று செய்யுங்கள்: மேடான பாதையில் 4 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு சுற்று. நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைப் பார்க்காமல் இதில் இறங்கவே கூடாது. நன்றாக இருக்கிறதே என்று தினமும் செய்யவும் வேண்டாம். ஸ்வீடனில் 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் பயிற்சியை அளவுக்கு மீறிக் கூட்டியபோது மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடு குறைந்தது. அப்புறம், வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதில் தொடங்கினால் போதும்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். வைட்டமின் சி, இ இரண்டையும் பெரிய அளவில் சாப்பிட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, உடலில் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் அந்தப் பலன் கிடைக்காமல் போனதை 2009-இல் ஜெர்மனியில் கண்டார்கள். பயிற்சியின்போது உண்டாகும் சிறிதளவு ஆக்சிஜனேற்றமே, "இன்னும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும்" என்று செல்லுக்குச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று. இந்த வைட்டமின் மாத்திரைகள் அதை அடக்கிவிடக்கூடும். காய், பழத்திலிருந்து கிடைக்கும் வைட்டமினுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

இரும்புச்சத்து வேறு கதை. ஏடிபி செய்யும் புரதங்களில் பலவற்றுக்கு இரும்பு தேவை. அசதி நீடித்தால் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். குறைவு உறுதியானால் மட்டும் மாத்திரை.

சிகரெட்டை விட்டுவிடுங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும் சயனைடும், மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிக் கட்டத்திலேயே கைவைக்கின்றன. தூக்கத்தையும் குறைக்காதீர்கள்.

கொலஸ்டிராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தசைவலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ அவர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.