பழைய கம்ப்யூட்டரில் பிரவுசரை அப்டேட் செய்வதா, மாற்றுவதா? படிப்படியாகப் பார்த்து முடிவெடுக்கலாம்

குரோமைத் திறந்ததுமே மேலே ஒரு பட்டை வந்து, இனி அப்டேட் வேண்டுமென்றால் விண்டோஸ் 10 தேவை என்கிறதா? மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் டிடிபி கடைகளிலும், ரப்பர் ஷீட் எடுக்கும் கடைகளிலும், பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனபின் வீட்டில் மிஞ்சிய கம்ப்யூட்டர்களிலும் இந்தப் பட்டை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டு வேலையைத் தொடர்வதுதான் பலரின் வழக்கம்.

“சாரே, இந்தக் குரோமைத் தூக்கிட்டு வேற ஏதாவது போட்டா ஸ்பீடு வருமா?” என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று வேகம், இன்னொன்று பாதுகாப்பு. வேகம் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் உறுப்புகளைப் பொறுத்தது. பாதுகாப்போ உங்கள் விண்டோஸைப் பொறுத்தது. இந்த இரண்டுக்கும் பிறகுதான் பிரவுசரின் பெயர் வருகிறது. அதனால் எதையும் டவுன்லோட் செய்வதற்கு முன்னால் கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள்.

படி 1: எந்த விண்டோஸ் என்று பாருங்கள்

கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்று ஆறு எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். வரும் சாளரத்தில் விண்டோஸ் 7, 8.1, 10 என்று எது இருக்கிறதோ அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில் ரேம் எவ்வளவு என்று இருக்கும். 2 ஜிபியா, 4 ஜிபியா, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தேதி சரியா?

இது பிரவுசர் விஷயமே இல்லையே என்று தோன்றும். ஆனால் பிரவுசர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் திண்டாடுவது இதில்தான். எந்தத் தளத்தைத் திறந்தாலும் “உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்ற பொருளில் எச்சரிக்கை வந்தால், முதலில் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். அது பத்துப் பதினைந்து வருடம் பின்னால் நிற்கலாம்.

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரின் தேதி அந்த எல்லைக்குள் இல்லையென்றால் பிரவுசர் கதவைச் சாத்திவிடும். எந்தப் பிரவுசரை மாற்றினாலும் இதே கதைதான்.

தேதி ஏன் மாறுகிறது? மதர்போர்டில் சிஆர் 2032 என்ற நாணய அளவு பேட்டரி இருக்கிறது. பிளக் செருகியிருக்கும் வரை கரண்டே கடிகாரத்தை ஓட்டிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கினால் அந்த வேலை பேட்டரி தலையில் விழும். நம்மூரில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. நடுவில் சித்திரை மாத இடி வேறு. வானம் கறுத்தாலே பிளக்கைப் பிடுங்கிப் போடுவது வழக்கம், நல்ல வழக்கமும்கூட. அதனால் பழைய கம்ப்யூட்டரில் இந்தப் பேட்டரி சத்தமில்லாமல் தீர்ந்துபோயிருக்கும். கடையில் எளிதாகக் கிடைக்கும். மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள். சிலருக்குப் பிரச்சினை இத்தோடு முடிந்துவிடும்.

படி 3: பிரவுசர் எந்தப் பதிப்பு?

குரோம், எட்ஜ் இரண்டிலும் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ஹெல்ப், பிறகு அபவுட் என்று போனால் பதிப்பு எண் தெரியும். ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோடுகள், பிறகு ஹெல்ப், அபவுட். அந்தப் பக்கத்தைத் திறந்தாலே, புதிய பதிப்பு இருந்தால் தானாக இறங்கத் தொடங்கும்.

குரோமில் 109 என்று நின்றுவிட்டு நகரவில்லையென்றால் காரணம் இதுதான்: 2023 ஜனவரியில் வந்த 109தான் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கான கடைசிக் குரோம். 2023க்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் எதுவும் அதில் அடைக்கப்படவில்லை. எட்ஜும் அதே 109இல் நின்றது. விண்டோஸ் எக்ஸ்பியில் குரோம் 2016லேயே, 49ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று கைவிட்டுவிட்டது.

“சரி, குரோம் போகட்டும், ஓப்பரா, பிரேவ் போடலாமே?” என்று தோன்றும். குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ் எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை. விண்டோஸ் 7இல் குரோமிலிருந்து இவற்றில் ஒன்றுக்கு மாறுவது, ஒழுகும் வீட்டில் முன்னறையிலிருந்து பின்னறைக்குப் படுக்கையை மாற்றுவது போலத்தான். தனி அடித்தளம் உள்ளது ஃபயர்ஃபாக்ஸ்.

படி 4: இந்தக் கம்ப்யூட்டரில் என்ன வேலை நடக்கிறது?

முடிவைத் தீர்மானிப்பது இதுதான் என்பது என் கருத்து. எழுதிவைத்த தாளின் கீழே, இந்தக் கம்ப்யூட்டரில் நீங்கள் செய்வதையெல்லாம் பட்டியலிடுங்கள்.

ரப்பர் வாரியத் தளத்தில் ஆர்எஸ்எஸ் 4 ரக ரப்பர் ஷீட் என்ன விலை என்று பார்ப்பது, கொளச்சல், தூத்தூர் பக்கம் இருப்பவர்கள் கடல் நிலவரம் சொல்லும் அரசு மையமான இன்காய்ஸின் தளத்தில் கள்ளக்கடல் (திடீரெனப் பொங்கும் கடல்) எச்சரிக்கை உண்டா என்று பார்ப்பது, செய்தி வாசிப்பது, யூடியூப். இவை வெறும் வாசிப்பு. பாஸ்வேர்டு எதுவும் போவதில்லை. ஆபத்து அறவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் குறைவு.

ஜிமெயில் போன்றவை அடுத்த ரகம். பலரும் மெயில்தானே என்று நினைப்பார்கள். வங்கிப் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் வந்து விழுவதும் அதே மெயிலில்தான் என்பதை யோசிப்பதில்லை. ஆகவே மெயிலையும் நான் பணத்தோடு சேர்த்துத்தான் எண்ணுவேன்.

மூன்றாவது பணம்: வங்கி, ஜிஎஸ்டி, வருமான வரி, ரயில் டிக்கெட்டுக்குக் கார்டு நம்பர் அடிப்பது. உங்கள் பட்டியலில் இது இருந்தால் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள், எந்தப் பிரவுசராக இருந்தாலும் சரி. விண்டோஸ் 7க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14 அன்று நின்றுவிட்டன. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் விண்டோஸ் வழியாகத்தான் பிரவுசருக்குப் போகிறது. விண்டோஸில் ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்று புகுந்துவிட்டால் பிரவுசர் எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை. அப்டேட் வரும் போனில் அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: இப்போது முடிவு

விண்டோஸ் 10 என்றால் கவலை குறைவு. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றும் அதில் ஓடுகின்றன. இருக்கும் பிரவுசரை அப்டேட் செய்தால் போதும், மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. எட்ஜுக்குக் குறைந்தது 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10இல் அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸ் 10க்கே வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிநபர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதில் சேரும் லிங்க் இருக்கும். விண்டோஸ் 11க்குப் போகலாமா என்றால், இன்டெல் சிப் என்றால் 8ஆம் தலைமுறை முதல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இங்கேயே தோற்றுவிடும்.

விண்டோஸ் 7, 8, 8.1 என்றால் பிரவுசரை மாற்றுங்கள், ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆருக்கு (நீண்ட காலம் திருத்தம் வரும் பதிப்பு). 2023 ஜூலையில் வந்த இந்தப் பதிப்புதான் இந்த விண்டோஸ்களில் ஓடும் கடைசி ஃபயர்ஃபாக்ஸ். பழைய விண்டோஸ்காரர்களுக்காக அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் காலத்தை, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லா பலமுறை நீட்டித்திருக்கிறது. நிறுவும்முன் மோசில்லாவின் உதவிப் பக்கத்தில் கெடு எதுவரை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது நிரந்தரத் தீர்வு இல்லை, கொஞ்சம் அவகாசம், அவ்வளவுதான்.

சூப்பர்மியம் என்றொரு பிரவுசரும் இருக்கிறது. குரோமியத்தைப் பழைய விண்டோஸுக்காக மாற்றி எழுதியது, எக்ஸ்பியில்கூட ஓடும். சில தளங்கள் ஃபயர்ஃபாக்ஸ் 115இல் திறக்காதபோது கைகொடுக்கும். பெரிய நிறுவனத்தின் பின்பலம் இல்லாத சிறு திட்டம் என்பதால் வாசிப்புக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மாற்றும் விதம்

முதலில் புக்மார்க்குகளைக் காப்பாற்றுங்கள். குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், ஓ அழுத்தினால் புக்மார்க் பக்கம் வரும். அங்கே மூன்று புள்ளிகளை அழுத்தி எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரே கோப்பாகச் சேமித்துத் தரும். பென் டிரைவில் ஒரு நகல் வையுங்கள். குரோம் நினைவில் வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். கடைக் கம்ப்யூட்டர் என்றால் அந்த நோட்டை மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்து, மோசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் ஃபயர்ஃபாக்ஸை இறக்குங்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், முகவரியைப் படித்துப் பார்த்து அழுத்துங்கள். பழைய பிரவுசரில் அந்தத் தளமே திறக்கவில்லையென்றால், வேறொரு கம்ப்யூட்டரில் 115 ஈஎஸ்ஆரின் முழு நிறுவல் கோப்பை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏதோ ஒரு தளத்தில் படமோ பாட்டோ தேடும்போது “உங்கள் பிரவுசர் பழையது, உடனே அப்டேட் செய்யுங்கள்” என்று பெரிய பட்டனோடு பக்கம் குதித்தால் அதைத் தொடாதீர்கள். உண்மையான அப்டேட் பிரவுசரின் மெனுவுக்குள்தான் வரும், கண்ட தளத்திலும் வராது. வைரஸை இறக்க இந்த வேடத்தை ரொம்ப நாளாகவே பயன்படுத்துகிறார்கள். பிரவுசர் பழையதாகிவிட்டதே என்று பதறிக்கொண்டிருப்பவர்தான் இதில் சிக்குகிறார்.

நிறுவியபின் ஃபயர்ஃபாக்ஸே குரோமிலிருந்து புக்மார்க்குகளைக் கொண்டுவரவா என்று கேட்கும். சரி சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் செட்டிங்ஸில் இம்போர்ட் இருக்கிறது. குரோமை உடனே நீக்க வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் போகும் தளங்கள் எல்லாம் புதியதில் திறக்கின்றனவா, தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறதா, பிரின்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தபின் நீக்கலாம்.

படி 7: வேகம் வேண்டுமா?

எந்தப் பிரவுசரை மாற்றினாலும் 2 ஜிபி ரேம் 2 ஜிபிதான். இன்றைய தளங்கள் கனமானவை. சில தளங்களில் விளம்பரங்களும் பின்தொடரும் நிரல்களும் பக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) சேருங்கள். விளம்பரம் இறங்காததால் பக்கம் கண்கூடாக வேகமாக வரும். குரோம் இதன் முழு வடிவத்துக்கு இடம் தருவதை நிறுத்திவிட்டது, லைட் என்ற சுருங்கிய வடிவம்தான் அதில் கிடைக்கும். அதிக ஆர்வத்தில் பத்து நீட்சிகளைச் சேர்த்தால் மறுபடி மெதுவாகிவிடும்.

யூடியூப் மட்டும் திக்கித் திணறுகிறதா? யூடியூப் வீடியோவை விபி9 போன்ற புதிய முறைகளில் அனுப்புகிறது. பழைய கிராபிக்ஸ் சிப்புகளுக்கு அதை நேரடியாகப் பிரிக்கத் தெரியாது, முழுச் சுமையும் பிராசசர் மேல் விழும், ஃபேன் கத்தும். எச்264ஐஃபை என்ற நீட்சி, அந்தச் சிப்புக்குத் தெரிந்த பழைய முறையில் அனுப்பச் சொல்லும். தரத்தை 480க்குக் குறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

செலவு செய்ய மனம் இருந்தால், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) ஒன்று போடுங்கள். வேறெந்த மாற்றமும் இதன் பக்கத்தில் வராது.

விண்டோஸையே விட்டுவிடலாமா?

பட்டியலில் பணம் இருக்கிறது, கம்ப்யூட்டரோ விண்டோஸ் 7, புதிது வாங்கும் நிலையும் இல்லை என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நல்ல வழி. எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், அது இலேசானது. 2 ஜிபி ரேம் குறைந்தபட்சத் தேவை, 4 ஜிபி இருந்தால் வசதி. பிராசசர் 64 பிட்டாக இருக்க வேண்டும். ரூஃபஸ் என்ற மென்பொருளால் அதைப் பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா என்று அப்போதே பாருங்கள். கடைகளில் அதிகம் காணும் கேனான் எல்பிபி 2900 வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும், லினக்ஸில் அதை ஓடவைப்பது எளிதல்ல.

டிடிபி கடைக்காரர்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்லமாட்டேன். கல்யாணப் பத்திரிகையும் கோவில் கொடை நோட்டீசும் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளில், பழைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றுக்காக விண்டோஸ் 7 இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கம்ப்யூட்டரின் நெட் வயரைக் கழற்றிவிட்டு, வாடிக்கையாளர் அனுப்பும் படங்களைப் போனில் வாங்கி யூஎஸ்பி கேபிளில் ஏற்றிக்கொள்ளுங்கள்.