சிஎன்சி மெஷினுக்கு புரோகிராம் போகவில்லையா? பாராமீட்டரைத் தொடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையோ, மார்த்தாண்டத்தில் வீட்டுக்குப் பின்னால் போட்ட ஷெட்டோ, செகண்ட் ஹேண்டில் ஃபானுக் கன்ட்ரோலர் (மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர்) உள்ள பழைய லேத் ஒன்றை இறக்கியவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இந்தத் தலைவலி வந்தே தீரும். புரோகிராம் லேப்டாப்பில் இருக்கும், மெஷினுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். உடனே பாராமீட்டர் (மெஷினின் உள் செட்டிங் எண்கள்) பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு நம்பராக மாற்றிப் பார்ப்பதுதான் நம்ம ஆட்கள் வழக்கம், அதை மட்டும் செய்யாதீர்கள். நேற்று வரை நன்றாக ஓடிய மெஷினில் பாராமீட்டர் தானாக மாறாது. மெஷினின் மெமரி பேட்டரி தீர்ந்து எல்லாம் அழிந்து போயிருந்தால் வேறு கதை, அப்போது உங்கள் பிரச்சினை கேபிள் அல்ல. நேற்று ஓடியது என்றால் கேபிள், கனெக்டர், லேப்டாப்பின் யுஎஸ்பியை சீரியல் போர்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் என்று பாருங்கள், ஓடியதே இல்லை என்றால்தான் வயரிங்கும் செட்டிங்கும்.

முதலில் லேப்டாப் பக்கத்தைத் தீர்த்துவிடலாம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட் (சீரியல் இணைப்பு) நம்பர் என்ன என்று பாருங்கள், ஏனென்றால் அதே கன்வெர்ட்டரை வேறொரு யுஎஸ்பி துளையில் செருகினால் சில சமயம் நம்பர் மாறிவிடும், சாஃப்ட்வேர் பழைய நம்பரிலேயே காத்துக்கொண்டிருக்கும். மஞ்சள் குறி தெரிந்தால் டிரைவர் கோளாறு. ப்ரோலிஃபிக் சிப்பின் டூப்ளிகேட்டுகளை விண்டோஸின் புது டிரைவர் ஏற்காது, அதோடு மல்லுக்கட்டாமல் எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். அடுத்து கன்வெர்ட்டரின் 9 பின் கனெக்டரில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சின்ன வயர் துண்டால் சேர்த்துவிட்டு, டெரா டேர்ம் மாதிரி ஒரு டெர்மினல் சாஃப்ட்வேரில் ஹேண்ட்ஷேக்கை (‘அனுப்பு’, ‘நிறுத்து’ என்று இரு பக்கமும் பேசிக்கொள்ளும் சிக்னல்) ஆஃப் செய்து ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் திரும்பி வர வேண்டும், வயரை எடுத்தால் வருவது நிற்க வேண்டும். சரி, வந்துவிட்டதா? இப்போது கேபிளை மாட்டி, மெஷினில் செருகுகிற 25 பின் முனையில் 2-ஐயும் 3-ஐயும் சேர்த்து இதையே செய்யுங்கள். அங்கேயும் வந்தால் டேட்டா போகிற இரண்டு வயரிலும் சந்தேகமில்லை. குளச்சல், முட்டம் பக்கம் கடல் காற்று படுகிற இடத்தில் ஷெட் என்றால் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், கான்டாக்ட் கிளீனர் பாதி கேஸ்களை முடித்துவிடும்.

வயரிங்கில் எல்லாரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. 9 பின்னில் 2 என்பது வாங்குகிற பின், 3 அனுப்புகிற பின். 25 பின்னில் அது தலைகீழ், 2 அனுப்பும், 3 வாங்கும். அதனால் 2-க்கு 2, 3-க்கு 3 என்று நேராகப் போட்டாலே குறுக்கு இணைப்பு ஆகிவிடும், நாமும் ஒரு தடவை குறுக்கே போட்டால் ஒன்றும் நடக்காது. கிரவுண்டு 9 பின்னில் 5, 25 பின்னில் 7. மெஷின் முனையில் 4-ஐ 5-உடனும், 6, 8, 20 மூன்றையும் ஒன்றாகவும் சின்ன வயரால் சேர்த்து ஜம்பர் போடுங்கள். கடையில் 25 வயரும் நேராகப் போன ரெடிமேட் கேபிளை ஃபானுக்கில் செருகவே கூடாது, 25-ஆம் பின்னில் 24 வோல்ட் நிற்கிறது, கம்ப்யூட்டர் போர்ட் அதோடு காலி.

இனி செட்டிங். ஐ-சீரிஸ் ஃபானுக்கில் 20-ஆம் பாராமீட்டர் எந்தச் சானல் என்று சொல்லும். சானல் 0 என்றால் ஸ்டாப் பிட் (ஒரு எழுத்து முடிந்தது என்று காட்டும் பிட்) 101-இல், டேட்டா போகும் வேகம் (பாட் ரேட்) 103-இல். 103-இல் 10 இருந்தால் 4800, 11 இருந்தால் 9600, 12 இருந்தால் 19200. சானல் 1 என்றால் அதே விஷயங்கள் 111, 113-இல். இங்கே பார்ப்பதோடு நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள், டேட்டா பிட் 7, பேரிட்டி (தப்பைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) ஈவன், ஸ்டாப் பிட் மெஷினில் உள்ளபடி. எது தப்பு என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி, மெஷினிலிருந்து ஒரு சின்ன புரோகிராமை வெளியே அனுப்பி டெர்மினலில் பார்ப்பது. எல்லாமே குப்பையாக வந்தால் பெரும்பாலும் வேகம் பொருந்தவில்லை. 0, 3, 5, 6, 9 மட்டும் ஒழுங்காக வந்து 1, 2, 4, 7, 8 மட்டும் விசித்திரக் குறிகளாக வந்தால் வேகம் சரிதான், கம்ப்யூட்டர் 8 பிட், நோ பேரிட்டியில் நிற்கிறது. ஈவன் பேரிட்டியில் அந்த ஐந்து எண்களுக்கும் எட்டாவது பிட் ஏறிவிடும், அதனால்தான் அவை மட்டும் கெடுகின்றன.

அலாரம் நம்பரும் பேசும். 085 என்றால் வேகம் அல்லது பிட் எண்ணிக்கை பொருந்தவில்லை. 086 என்றால் எதிர்முனை தயார் என்ற சிக்னல் வரவில்லை, கேபிள் கழன்றிருக்கும் அல்லது அந்த 6-8-20 ஜம்பர் விட்டுப் போயிருக்கும். 087-தான் எரிச்சலானது. மெஷின் “போதும், நிறுத்து” என்று சொன்ன பிறகும் பத்து எழுத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் இது வரும். ஜம்பர் போட்ட கேபிளில் நிறுத்தச் சொல்ல டேட்டா வயரிலேயே போகும் எக்ஸ்-ஆன் (அனுப்பு), எக்ஸ்-ஆஃப் (நிறுத்து) குறிகள் மட்டும்தான் வழி, ஆகவே சாஃப்ட்வேரில் அது ஆனில் இருக்க வேண்டும். ஆனில் இருந்தும் வருகிறதென்றால் யுஎஸ்பி கன்வெர்ட்டர் தன் பஃபரில் (அனுப்பக் காத்திருக்கும் டேட்டாவின் தற்காலிக மெமரி) இருப்பதைக் கொட்டுகிறது. போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் டிரான்ஸ்மிட் பஃபரைக் குறையுங்கள், இரண்டு பக்கமும் 4800-க்கு இறக்கிப் பாருங்கள், டெஸ்க்டாப் இருந்தால் ஒரு பிசிஐ சீரியல் கார்டு போட்டு நிம்மதியாக இருங்கள்.

070 வந்தால் மெமரி நிறைந்துவிட்டது, 073 வந்தால் அதே நம்பரில் புரோகிராம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். அலாரமே இல்லாமல் மெஷின் காத்துக்கொண்டே இருந்தால் ஃபைலைப் பாருங்கள், முதல் வரியும் கடைசி வரியும் % ஆக இருக்க வேண்டும். நோட்பேடில் எழுதுங்கள், வேர்டில் வேண்டாம். எடிட் மோடு, புரொடெக்ட் சாவி திறந்த நிலை, முதலில் மெஷினில் ரீடு, அப்புறம்தான் கம்ப்யூட்டரில் சென்ட்.

ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் கெடுகிறது என்றால் அது நாய்ஸ், அதாவது மின் இடையூறு. மோட்டார் வயரோடு கட்டி இழுத்த கேபிளைத் தனியாகப் பிரியுங்கள், கேபிளின் ஷீல்டை (வயர்களைச் சுற்றிய உலோக உறை) மெஷின் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை அனுப்பிப் பாருங்கள். 15 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். அப்புறம் நம்ம மாவட்டத்தில் ஐப்பசி இடி எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றி வையுங்கள், மாட்டுவதும் கழற்றுவதும் இரண்டு பக்கமும் ஆஃப் செய்த பிறகு. இடி விழுந்த மறுநாள் போர்ட் செத்துவிட்டதா என்று பார்க்க, கேபிள் இல்லாமல் மெஷினை ஆன் செய்து 25 பின்னில் 2-க்கும் 7-க்கும் நடுவில் மல்டிமீட்டரை வையுங்கள். சும்மா இருக்கும்போது மைனஸ் 5-லிருந்து மைனஸ் 12 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும், பூஜ்யத்தை ஒட்டி நின்றால் போர்டில் உள்ள டிரைவர் சிப் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

புரோகிராம் உள்ளே போய்விட்டது என்று உடனே சைக்கிள் ஸ்டார்ட்டை அமுக்கிவிடாதீர்கள். பேரிட்டி ஒரு எழுத்தில் ஒரு பிட் கெட்டால் கண்டுபிடிக்கும், ஒரு எழுத்தே விழுந்துபோனால் அதற்குத் தெரியாது. எக்ஸ்50. என்பதில் புள்ளி விழுந்தால் பல ஃபானுக்கில் அது 50 மில்லிமீட்டர் இல்லை, 0.050. இசட் மதிப்பின் முன்னால் மைனஸ் விழுந்தால் டூல் எந்தப் பக்கம் போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதே புரோகிராமை மெஷினிலிருந்து திரும்ப வெளியே எடுத்து, விண்டோஸின் எஃப்சி கட்டளையில் பழைய ஃபைலோடு ஒப்பிடுங்கள். இடைவெளியும் வரி முடிவும் வேறுபட்டுக் காட்டினால் விட்டுவிடலாம், எண்ணோ புள்ளியோ வேறுபட்டால் மறுபடி அனுப்புங்கள்.