ஆதார் ஓடிபி போட்டு லிங்க்லயே அக்ரிமெண்ட்ல கையெழுத்து போடுறது எப்படி

இப்பல்லாம் வாடகை வீட்டு அக்ரிமெண்ட்டுக்கு ஹவுஸ் ஓனர் நேர்ல வரச்சொல்றதில்ல, வாட்ஸ்அப்ல ஒரு லிங்க்க தட்டிவிட்டு "சைன் பண்ணிடுங்க"ன்னு முடிச்சுக்குறாங்க. எனக்கும் போன மாசம் அப்படித்தான் வந்துச்சு.

லிங்க்க தொடுறதுக்கு முன்னாடி ஓனருக்கு ஒரு போன் போட்டு நீங்கதான் அனுப்பினீங்களான்னு கேட்டுக்கோங்க, கடைசில ஆதாரும் ஓடிபியும் கேக்கப்போற சமாச்சாரம் இது. ஆதார்ல எந்த மொபைல் நம்பர் பதிஞ்சிருக்கோ அந்த சிம் ஓடிட்டு இருக்கணும், பழைய சிம்ம தூக்கிப் போட்டவங்க மொதல்ல ஆதார்ல நம்பர மாத்திட்டு வாங்க.

லிங்க்க தொறந்தா பிடிஎஃப் வரும், கீழ பெருசா சைன் பட்டன் மின்னும். அவசரப்படாம ஒவ்வொரு பக்கமா படிங்க. எனக்கு வந்ததுல அட்வான்ஸ் தொகை, வாடகை, 11 மாசம் எல்லாம் சரிதான், ஆனா 4வது பக்கத்துல காலி பண்றப்போ பெயின்டிங்குக்கு ரெண்டு மாச வாடகைய பிடிச்சுக்குவோம்னு ஒரு வரி, பேசினது என்னமோ ஒரு மாசம்தான். சைன் பண்ணாம டேப்ப மூடிட்டு போன் பண்ணேன், "அட, பழைய ஃபார்மட்டுப்பா"ன்னு சொல்லி அவரே மாத்தி புது லிங்க் அனுப்பினாரு. கையெழுத்து போட்டப்புறம் இதக் கேட்டிருந்தா திரும்ப முதல்லேருந்து புது அக்ரிமெண்ட் போடணும்.

சைன் பட்டன அமுக்கினா வேற ஒரு பேஜுக்கு போகும், புரோட்டியன், ஈமுத்ரா, சிடாக் மாதிரி டிஜிட்டல் கையெழுத்துக்கு லைசென்ஸ் வாங்கின ஆளுங்களோடது. அங்க சம்மதம் கேக்குற கட்டத்துல டிக் அடிச்சு ஆதார் நம்பர் போடுங்க. ஆதார் நம்பர் குடுக்க மனசில்லன்னா அதுக்கு பதிலா குடுக்குற 16 இலக்க தற்காலிக நம்பரான விஐடிய போடலாம், ஆதார் குடுக்குற யுஐடிஏஐ சைட்லயே எடுத்துக்கலாம். அப்புறம் ஓடிபி. அத அந்த பேஜ்ல மட்டும்தான் அடிக்கணும், போன்ல யாரு கேட்டாலும் சொல்லாதீங்க. உங்க பேர்ல ஒரு டிஜிட்டல் சர்டிபிகேட் அந்த நிமிஷமே உருவாகி பிடிஎஃப்ல ஒட்டிக்கும், அதுக்கு ஆயுசே அரை மணி நேரம்தான், போட்ட கையெழுத்து மட்டும் நிக்கும்.

முடிஞ்சதும் பிடிஎஃப்ப டவுன்லோட் பண்ணி மெயில்ல போட்டு வைங்க. பிரின்ட் எடுத்தா அது வெறும் ஜெராக்ஸ் மாதிரிதான், நெஜ கையெழுத்து ஃபைலுக்குள்ளதான் இருக்கு. தொறந்து பாத்தா கையெழுத்து மேல மஞ்சள் கேள்விக்குறி இருக்கும், எங்க ஓனர் அதப் பாத்துட்டு சைன் செல்லாதுன்னே நெனச்சுட்டாரு. பயப்படாதீங்க, உங்க கம்ப்யூட்டர் அந்த சர்டிபிகேட்ட இன்னும் நம்பல, அவ்ளோதான். அடோபி ரீடர்ல கையெழுத்து மேல கிளிக் பண்ணி சர்டிபிகேட்ட தொறந்து, பட்டியல்ல மேல இருக்குற சிசிஏ இந்தியாவ (இந்த லைசென்ஸ குடுக்குற அரசு அமைப்பு) ட்ரஸ்ட் லிஸ்ட்ல சேத்துட்டா பச்சை டிக் ஆயிடும்.

இதே மாதிரி உயிலையும் போட்டுடலாமான்னு எங்க சித்தப்பா கேட்டாரு. முடியாது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் (ஐடி ஆக்ட்) 2000லயே உயில விலக்கி வெச்சிருக்காங்க, அதுக்கு பேப்பர், பேனா, ரெண்டு சாட்சிதான்.